மெயில் லிஸ்ட்டில் 1,900 பேர், பதில் போட ஒருத்தரும் இல்லை: மனை வெப்சைட் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்க

1. சத்திரோட்டுக்காரன் (கோவை)

வணக்கம். சரவணம்பட்டி, கோவில்பாளையம், அன்னூர் பக்கம் பதினோரு வருஷமாக சைட்டும் வீடும் முடித்துக் கொடுக்கிறேன். மூன்று வருஷம் முன்பு சொந்தமாக ஒரு வெப்சைட் போட்டேன். "விலைப்பட்டியல் வேண்டுமா? மெயில் ஐடி கொடுங்க" என்று அதில் ஒரு பெட்டி. அப்படிச் சேர்ந்தது பாதி. அங்கங்கே பிராப்பர்ட்டி கண்காட்சியில் எழுதி வாங்கியது மீதி. மொத்தம் 1,900 முகவரி.

வாரத்துக்கு இரண்டு மெயில் போகிறது. புது லேஅவுட் படம், சென்ட் விலை, "கடைசி 7 சைட்டுகள் மட்டுமே". நான்கு மாசமாக உருப்படியான பதில் ஒன்றுகூட இல்லை. வந்த ஒரே பதில் "யாருய்யா நீ, என் ஐடி உனக்கு எப்படிக் கிடைச்சது?" என்பதுதான். என்னுடைய இன்னொரு ஜிமெயிலுக்கு நானே அனுப்பிப் பார்த்தேன், அதுவும் ஸ்பாமில் கிடக்கிறது.

என் சந்தேகம் இதுதான். மளிகைக்கடைக்கு மாசாமாசம் அதே ஆள் வருவார். வீடு வாங்குகிறவர் வாழ்நாளில் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை வாங்குவார். வாங்கிவிட்டால் நம் மெயில் அவருக்கு எதற்கு? இந்தத் தொழிலில் மெயிலை எதிர்பார்த்துப் படிக்கிற கூட்டம் என்று ஒன்று சேருமா, இல்லை இதை விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாமா?

2. பனியன் சிட்டி (திருப்பூர்)

மெயிலாங்க? நம்ம ஆளுக மெயிலைத் திறப்பது பேங்க் ஸ்டேட்மென்ட் பார்க்கத்தான். வாட்ஸப் பிராட்காஸ்ட் போடுங்க, வேலை முடிஞ்சது.

3. மெயில் மெக்கானிக் (சென்னை)

பனியன் சிட்டி, பிராட்காஸ்ட்டில் ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர்தான். அதிலும் உங்கள் நம்பரை போனில் சேவ் செய்தவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். சைட் பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் புரோக்கர் நம்பரை சேவ் செய்கிறார்கள்?

சத்திரோட்டுக்காரன், ஸ்பாமில் விழுவதற்கான காரணத்தைப் பார்த்துவிடலாம். எதிலிருந்து அனுப்புகிறீர்கள்? சொந்த டொமைன் இருக்கிறதா? முகவரிகளை பிசிசி-யில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி) போட்டு அனுப்புகிறீர்களா?

4. சத்திரோட்டுக்காரன்

சாதா ஜிமெயில்தான் சார். பிசிசி-யில் 400, 400 ஆகப் பிரித்து அனுப்புகிறேன். பையன் சொல்லிக் கொடுத்தான்.

5. மெயில் மெக்கானிக்

நினைத்தேன். இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுப்ப விடுவார்கள். அது கடைசித் தம்பிக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்ப இருக்கிற கணக்கு, கடை நடத்த இல்லை.

வெப்சைட் இருக்கிற டொமைனிலேயே ஒரு முகவரி போடுங்கள். மெயில் அனுப்பும் சேவை ஏதாவது ஒன்றில் சேர்ந்து எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றையும் டொமைன் அமைப்பில் ஏற்றுங்கள். பெயர்தான் பயமாக இருக்கும். "இந்தப் பெயரில் மெயில் அனுப்ப இவருக்கு அனுமதி உண்டு" என்று டொமைன் தரும் அத்தாட்சி, அவ்வளவுதான். ரிஜிஸ்டர் ஆபீசில் சாட்சிக் கையெழுத்து மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் கறாராகிவிட்டன. நாளொன்றுக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவருக்கு மூன்றும் கட்டாயம், ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் கட்டாயம். உங்களுக்கு அந்த எண்ணிக்கை இல்லை. ஆனாலும் செய்துவிடுங்கள்.

இதைவிட முக்கியம் ஸ்பாம் புகார். அது 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது கூகுள், 0.1-க்குள் இருந்தால் நல்லது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் "ஸ்பாம்" பொத்தானை அமுக்கினாலே உங்கள் டொமைன் பெயர் கெட்டுவிடும். கண்காட்சியில் பேனா பிடித்து எழுதிக் கொடுத்தவருக்கு நீங்கள் யார் என்றே ஞாபகம் இருக்காது. அவர் அமுக்கத்தான் செய்வார். அந்த லிஸ்ட்டை நம்பாதீர்கள்.

இன்னொன்று, லேஅவுட் படத்தை அப்படியே ஒட்டி மெயிலைப் பெரிதாக்க வேண்டாம். எழுத்தும் வடிவமைப்பும் சேர்ந்து 102 கேபி தாண்டினால் ஜிமெயில் பாதியில் வெட்டிவிடும். விலகும் இணைப்பு கீழே இருக்கும், அதுவும் சேர்ந்து போகும். பிறகு விலக வழி தெரியாமல் ஸ்பாமைத்தான் அமுக்குவார்கள்.

6. உறையூர் செல்வி (திருச்சி)

தம்பி, மெக்கானிக் சொன்னது குழாய் ரிப்பேர். குழாயில் என்ன வருகிறது என்பதை நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"வாங்கிவிட்டால் நம் மெயில் அவருக்கு எதற்கு" என்று கேட்டீர்கள் அல்லவா, நீங்கள் தலைகீழாகப் பார்க்கிறீர்கள். என் லிஸ்ட்டில் விடாமல் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே வாங்கி முடித்தவர்கள்.

எனக்கே இது தற்செயலாகத்தான் தெரிந்தது. 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது ஞாபகம் இருக்கும். எங்கள் தொழில் ஒரே நாளில் படுத்துவிட்டது. விற்க ஒன்றும் இல்லை, அதனால் மெயிலில் போட விளம்பரமும் இல்லை. ஆனால் போன் மட்டும் ஓயவில்லை. "அக்கா, நான் 2009-லேயே வாங்கிட்டேன், என் மனை என்ன ஆகும்?" இதே கேள்வியை நாற்பது பேர் கேட்டார்கள். நாற்பது தடவை பேச முடியாமல் ஒரு மெயிலாக எழுதி அனுப்பினேன். 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தபோது அடுத்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு பதிவான மனை என்றால் என்ன செய்வது, எந்த ஆபீசில் கொடுப்பது, என்னென்ன நகல் வைப்பது. அதில் விற்பனை வரி ஒன்றுகூடக் கிடையாது. எழுத வேறு விஷயம் இல்லை என்பதுதான் உண்மை, என் பெருந்தன்மை எதுவும் அதில் இல்லை.

அந்த மெயில் போன இடமெல்லாம் எனக்கே தெரியாது. தில்லைநகரில் ஒரு வீட்டில் அதைப் பிரிண்ட் எடுத்து பத்திர ஃபைலோடு சேர்த்து வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அப்போதிருந்து மாசம் இரண்டு கடிதம். மனை வாங்கிய பிறகு என்னென்ன வேலை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பட்டா மாற்றம், அதில் உட்பிரிவு ஆக வேண்டுமென்றால் சர்வேயர். சொத்துவரியில் பெயர், குடிநீர், மின் இணைப்பில் பெயர். வெளியூரில் இருப்பவருக்கு வருஷம் ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பார்க்க வேண்டும். பதிவுத்துறை தளத்தில் அதைக் காசு கொடுக்காமலே பார்க்கலாம் என்பது இன்னும் பாதிப் பேருக்குத் தெரியாது. இதில் ஒவ்வொன்றும் ஒரு கடிதம். வாங்குகிற வரைக்கும் கூடவே சுற்றுகிற புரோக்கர், பத்திரம் கைக்கு வந்த மறுநாள் காணாமல் போவார் என்பதுதான் ஊர் அனுபவம். நீங்கள் மட்டும் காணாமல் போகாதீர்கள்.

அவர் மறுபடி வாங்க மாட்டார், சரி. அவருடைய மச்சான் வாங்குவார், கொழுந்தியாள் விற்பாள், ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்பார். அந்த நேரத்தில் அவர் என் மெயிலை ஃபார்வர்டு செய்கிறார். என் பேங்க் கணக்கில் தெரிகிறது அது.

7. பனியன் சிட்டி

அக்கா சொல்வது பொறுமை இருக்கிறவங்களுக்கு. இ.எம்.ஐ. கட்டுகிற புரோக்கர் பட்டா மாற்றம் பற்றிக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தால் மாசக் கடைசியில் என்ன பண்ணுவான்?

8. உறையூர் செல்வி

கட்டுரையோடு சைட் பார்க்கவும் போகச் சொல்கிறேன் தம்பி, கட்டுரை மட்டும் எழுதச் சொல்லவில்லை. எனக்கு முதல் ஒன்றரை வருஷம் மெயில் மூலம் ஒரு பைசா வரவில்லை. அதை மறைக்கவில்லை.

9. ஜூரோங் வாசி (சிங்கப்பூர்)

நான் புரோக்கர் இல்லை, வாங்கத் தேடுகிற ஆள். புதுக்கோட்டை சொந்த ஊர், மனைவி ஊர் கோவை. ஒன்பது மனை வெப்சைட்டுகளில் மெயில் ஐடி கொடுத்திருக்கிறேன். எட்டிலிருந்து வருவது திறக்காமலே ஒரு தனி ஃபோல்டருக்கு நேராகப் போகிறது, ஒன்றை மட்டும் திறக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன், உங்களுக்கு உதவலாம்.

இங்கே வேலை நேரத்தில் வாட்ஸப் குரூப் எதையும் பார்ப்பதில்லை. ராத்திரி பத்தரைக்கு, பிள்ளைகள் தூங்கின பிறகு, லேப்டாப்பில் மெயில் பார்ப்பேன். மனைவியும் நானும் சேர்ந்து படிக்கிற நேரம் அதுதான். இடத்தை முடிவு பண்ணுவது அவர்தான், நான் பணம் கட்டுகிற ஆள்.

அந்த எட்டுப் பேரில் மூன்று பேர் எனக்குத் தொடர்ந்து "பண்ணை நிலம், ஏக்கர் இவ்வளவு" என்று அனுப்புகிறார்கள். வெளிநாட்டில் குடியிருக்கிறவன் விவசாய நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. அந்நியச் செலாவணிச் சட்டம் அப்படி. படிவத்தில் நாடு "சிங்கப்பூர்" என்று நான்தான் நிரப்பினேன். அதைக்கூடப் பார்க்காதவர் என் தாய்ப்பத்திரத்தைப் பார்ப்பார் என்று எப்படி நம்புவது?

நான் திறக்கிற அந்த ஒன்று ஒரு தடவை இப்படி வந்தது: "உங்கள் பட்ஜெட்டில் இந்த மாசம் என்னிடம் உருப்படியாக எதுவும் இல்லை. அடுத்த மாசம் பார்க்கலாம்." இரண்டே வரி. அதற்குப் பிறகு அவர் எது அனுப்பினாலும் திறக்கிறேன்.

10. சத்திரோட்டுக்காரன்

ஜூரோங் வாசி சொன்னது சுருக்கென்று இருந்தது. நானும் பண்ணை நிலம் அனுப்பிய ஆள்தான்.

செல்வி அக்கா, நேற்று உட்கார்ந்து ஒன்று எழுதிப் பார்த்தேன். இதை அனுப்பலாமா என்று சொல்லுங்க.

"பொருள்: சைட் பார்க்க மழை பெய்த மறுநாள் போங்க

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அன்னூர் பக்கம் நல்ல மழை. திங்கள் காலை ஏழு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு நான்கு லேஅவுட் சுற்றினேன். இரண்டில் செருப்புகூட நனையவில்லை. மூன்றாவதில் தென்கிழக்கு மூலையில் ஆறு சைட்டுகளில் கணுக்கால் தண்ணீர். எஃப்எம்பி (சர்வே எண்ணின் நில அளவை) வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அதை ஒட்டி ஓடைப் புறம்போக்கு போகிறது. வெயில் காலத்தில் பார்த்தால் அது ஓடை என்றே தெரியாது, வேலிக்காத்தான் முளைத்துக் கிடக்கும். நான்காவதில் வரைபடத்தில் பூங்கா என்று இருக்கும் இடத்தில் கல் நட்டு சைட் எண் எழுதியிருக்கிறது. 47-ஏ. டீ குடிக்கக்கூட நிற்காமல் வந்துவிட்டேன். சைட் தேவைக்கு உடனே அழைக்கவும்."

11. உறையூர் செல்வி

அனுப்புங்கள். கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புங்கள். அவ்வளவு நேரம் மனுஷனாகப் பேசிவிட்டு திடீரென்று சுவரொட்டி ஆகிவிட்டீர்கள். அதற்குப் பதில் "நீங்கள் பார்த்த சைட்டில் இந்த மழைக்கு எப்படி இருந்தது? இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள்" என்று கேளுங்கள்.

47-ஏ நல்ல இடம், ஆனால் பாதியில் விட்டுவிட்டீர்கள். படிக்கிறவர் தன் லேஅவுட்டில் அதை எப்படிக் கண்டுபிடிப்பார்? டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண் போட்ட வரைபடத்தின் நகலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், புரோக்கர் கலர் அடித்துக் கொடுப்பது வேண்டாம். ரோடும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் ஆகியிருக்க வேண்டும், அதன் எண்ணைக் கேட்கச் சொல்லுங்கள். "பஞ்சாயத்து அப்ரூவ்டு" என்று எவராவது சொன்னால், பஞ்சாயத்துத் தலைவருக்கு லேஅவுட்டை அங்கீகரிக்கும் அதிகாரமே கிடையாது என்பதையும் ஒரு வரி போடுங்கள்.

12. பனியன் சிட்டி

அண்ணா, இதை அனுப்பினால் அந்த நான்காவது லேஅவுட்காரன் ராத்திரியே உங்க வீட்டு வாசலுக்கு வருவான். ஊரில் தொழில் பண்ண வேண்டாமா? பிறகு எவன் உங்களுக்கு சைட் கொடுப்பான்? இந்த விஷயத்தை யாரும் பேச மாட்டேன் என்கிறீங்க.

13. உறையூர் செல்வி

இது நியாயமான கேள்வி. எனக்கும் அப்படி இரண்டு பேர் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். லேஅவுட் பெயர், ஊர்ப் பெயர், எண் எதுவும் போடாதீர்கள் தம்பி, 47-ஏ என்பதைக்கூட மாற்றிவிடுங்கள். எப்படிப் பார்ப்பது என்று மட்டும் சொல்லுங்கள். ஒழுங்காக லேஅவுட் போடுகிறவர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை, மாறாக "என் சைட்டையும் மழையில் வந்து பாருங்க" என்று கூப்பிடுவார்கள். கோபப்படுகிறவர் சைட்டை நீங்கள் விற்காமல் இருப்பது உங்களுக்கு லாபம்.

14. பத்திரம் பாண்டி (மதுரை)

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். சட்டம் பக்கம் இரண்டு வார்த்தை. மெயிலும் விளம்பரம்தான். பதிவு தேவைப்படும் அளவுள்ள லேஅவுட் என்றால் ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதியாமல் விளம்பரமே செய்யக்கூடாது. "விரைவில் வருகிறது, இப்போதே முன்பதிவு செய்யுங்கள்" என்று மெயில் போட்டாலும் அது விளம்பரம். பதிவான திட்டமென்றால் பதிவு எண் மெயிலில் இருக்கட்டும், உங்கள் ஏஜென்ட் பதிவு எண்ணும் கீழே இருக்கட்டும்.

இன்னொன்று 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதே அளவு சுலபமாக அதைத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. கண்காட்சி நோட்டில் எழுதி வாங்கியதை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள்.

சொந்த அனுபவம் ஒன்று. நான் வீடு தேடிய காலத்தில் ஒரு நிறுவனம் பிசிசி-க்குப் பதில் சிசி-யில் போட்டு முன்னூற்றுச் சொச்சம் பேருக்கு அனுப்பிவிட்டது. எல்லார் முகவரியும் எல்லாருக்கும் தெரிந்தது. ஒருவர் "என்னை நீக்குங்கள்" என்று ரிப்ளை ஆல் போட்டார். அதற்கு இன்னொருவர் "என்னையும்" என்று ரிப்ளை ஆல். சாயங்காலத்துக்குள் என் பெட்டியில் அறுபது மெயில். மறுநாள் அந்த லிஸ்ட்டிலேயே இருந்த வேறொரு புரோக்கர் அத்தனை பேருக்கும் தன் விலைப்பட்டியலை அனுப்பினார்!

15. மெயில் மெக்கானிக்

பாண்டி அண்ணன் சொன்னதோடு இதையும் செய்துவிடுங்கள். பழைய 1,900 பேருக்கும் கடைசியாக ஒரே ஒரு மெயில், சேவை வழியாக ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக: "இனி மாசம் இரண்டு கடிதம், சத்தி ரோடு பற்றி மட்டும். வேண்டுமென்றால் இதைச் சொடுக்குங்கள். சொடுக்காவிட்டால் தொந்தரவு செய்ய மாட்டேன்." சொடுக்காதவரை அழித்துவிடுங்கள். கை நடுங்கும், பரவாயில்லை.

படிவத்தில் பெயர், மெயில், அப்புறம் ஒரே ஒரு கேள்வி: வாங்கவா, விற்கவா, ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? போன் நம்பர் கேட்காதீர்கள். நம்பர் கேட்டாலே ஆள் ஓடிவிடுவார், அடுத்த ஐந்து நிமிஷத்தில் கால் வரும் என்று அவருக்குத் தெரியும்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கையும் நம்ப வேண்டாம். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த வசதி, ஆள் திறக்காமலே திறந்த மாதிரி காட்டும். பதில் எத்தனை வந்தது என்று எண்ணுங்கள், அதை யாரும் பொய்யாக்க முடியாது.

16. சத்திரோட்டுக்காரன் (மூன்று மாசம் கழித்து)

இழையை மேலே கொண்டுவருகிறேன், கணக்கு சொல்ல வேண்டும் அல்லவா.

1,900 பேருக்கு அந்த மெயில் போட்டேன். சொடுக்கியவர்கள் 168. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. வீட்டில் "மூன்று வருஷம் சேர்த்ததை மூணு நாள்ல அழிச்சுட்டீங்களா?" என்று கேட்டார்கள். அழித்துவிட்டேன்.

முதல் கடிதம் அந்த மழைக் கடிதம்தான், பெயர், எண் எதுவும் இல்லாமல். அதிலும் ஒரு கூத்து. பெயர் தானாக விழும் என்று நினைத்து ஏதோ குறியைத் தப்பாகப் போட்டுவிட்டேன். 168 பேருக்கும் "அன்புள்ள பெயர் அவர்களுக்கு" என்று போனது. தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் பதினொரு பதில் வந்தது, அதில் நான்கு பேர் "பெயர் அவர்கள் நலம்" என்று எழுதியிருந்தார்கள்.

மீதியில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அன்னூர்க்காரர், இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். நான் ஓடை என்று சொன்னது ஓடை இல்லையாம், குளத்துக்குப் போகிற வாய்க்காலாம். அவர் சின்ன வயதில் அதில் மீன் பிடித்திருக்கிறார். எந்த வருஷம் எந்த மழைக்கு எதுவரை தண்ணீர் வந்தது என்று கையால் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். அவரிடம் அனுமதி கேட்டு அந்தப் படத்தை அடுத்த கடிதத்தில் போட்டேன். அதற்கு இருபத்தி மூன்று பதில். அடுத்தவர் ஊரின் கிணறு பற்றி, இன்னொருவர் ஊரின் களம் பற்றி. நான் எழுதுவதைவிட அவர்கள் எழுதுவது நன்றாக இருக்கிறது.

பிறகு பதிவுச் செலவு பற்றி ஒன்று போட்டேன். 30 லட்சத்துக்கு வாங்கினால் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 2 லட்சத்து 70 ஆயிரம் தனியாக எடுத்து வையுங்கள், வழிகாட்டி மதிப்பு அதைவிட அதிகமென்றால் அதற்குத்தான் கணக்கு என்று. இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்து எழுதத் தயங்கினேன். "இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் நகையை அடகு வைத்திருக்க மாட்டோம்" என்று ஒரு அம்மா எழுதினார்.

சத்தி ரோட்டு மெட்ரோ பற்றியும் எழுதினேன். ஏதோ அடுத்த தீபாவளிக்கு ரயில் ஓடுவது போல இங்கே சைட் விற்கிறார்கள், நானும் அப்படிச் சொல்லி விற்றிருக்கிறேன். திட்ட அறிக்கை வேறு, தண்டவாளம் வேறு என்று எழுதி, அதற்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள் என்று முடித்தேன். பனியன் சிட்டி சொன்ன மாதிரி ஒருவர் போன் போட்டுத் திட்டினார். வாசலுக்கு வரவில்லை.

இப்போது லிஸ்ட்டில் 241 பேர். வியாபாரம்? ஒன்று முடிந்தது. மூன்று வருஷம் முன்பு என்னிடம் வீடு வாங்கியவர், பட்டா மாற்றக் கடிதத்தைப் படித்துவிட்டுத் தன் அக்காவுக்கு அனுப்பியிருக்கிறார். அக்கா கோவில்பாளையம் வீட்டை விற்க என்னைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். இ.எம்.ஐ.க்கு இன்னும் பழைய மாதிரி அலைந்துகொண்டுதான் இருக்கிறேன்.

ஆடி வருகிறது. ஒருவரும் பத்திரம் போட மாட்டார்கள். அந்த மாசம் கடிதத்தை நிறுத்திவிடலாமா?

17. உறையூர் செல்வி

ஆடியில்தான் எழுத வேண்டும். வாங்குகிற அவசரம் இல்லாமல் பத்திரம் படிக்க உட்காருகிற ஒரே மாசம். மூலப்பத்திரத்தை எப்படிப் படிப்பது என்று நான்கு பாகமாகப் போடுங்கள். வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணம்தான் வரும், கோர்ட் வழக்கும் பதியாத வாரிசு உரிமையும் வராது என்பதில் தொடங்குங்கள். ஆவணிக்கு போன் தானாக அடிக்கும்.

18. ஜூரோங் வாசி

சத்திரோட்டுக்காரன், அந்த ஆசிரியர் வரைந்த வாய்க்கால் படத்தை என் மனைவிக்குக் காட்டச் சொல்லி மனைவியின் அண்ணன் எனக்கு அனுப்பியிருந்தார். உங்கள் கடிதம் என்று இப்போதுதான் தெரிகிறது. எங்களையும் லிஸ்ட்டில் சேர்த்துவிடுங்கள். மெயில் ஐடியைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

19. சத்திரோட்டுக்காரன்

ரொம்ப சந்தோஷங்க. ஆனால் நான் சேர்க்க மாட்டேன், வெப்சைட்டில் நீங்களே போடுங்க. உறுதிசெய்யச் சொல்லி ஒரு மெயில் வரும், அதையும் சொடுக்கணும். நாடு எது என்ற இடத்தில் சிங்கப்பூர் என்று போடுங்க, இந்த முறை பார்ப்பேன்.